‘ஜாக்கிரதை’ ஓட்டிய வாடகைக் கார்

உலகத்தில் எந்த நாட்டு மனிதருக்கும் சேலம் ஜில்லாவுக்குள் வயிறு கெடக் கூடாது என்று ஒரே ஒரு ஆள் பொறுப்பேற்றிருந்தார். சர்க்கார் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. வந்தவர்களும் கேட்டுக்கொள்ளவில்லை. ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஏதோ ஒன்று இருந்திருக்கும். டவுனில் அவர் பெயர் ‘ஜாக்கிரதை’தான்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் சேலத்தில் ஒரு ஓட்டலில் குமாஸ்தா. மில்லுக்கு மிஷின் பூட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினீயர்கள், அவர்களுடைய மனைவிமார், சிற்பம் பார்க்க வருகிற ஒன்றிரண்டு பேர் எல்லாரும் எங்களிடம்தான் தங்குவார்கள். அவர்களைத் தாரமங்கலத்துக்கும் நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் கூட்டிப்போகிற கறுப்பு வாடகைக் கார் ஜாக்கிரதையுடையது. அவருக்கு இங்கிலீஷ் வராது. அதனால் மொழிபெயர்க்க என்னையும் முன் சீட்டில் ஏற்றிக்கொள்வார்.

ஆட்கள் ஏறியதும் கார் கிளம்பிவிடாது. ஜாக்கிரதை பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, மாதாகோயிலில் ஞானோபதேசம் சொல்லித்தருகிற மாதிரி ஆரம்பிப்பார். தண்ணீர் என்றால் காரில் இருக்கிற பித்தளைக் கூஜாவின் தண்ணீர் மட்டும்தான்; அது காலையில் காய்ச்சி ஆறவைத்தது. உங்கள் கண்ணெதிரே அடுப்பிலிருந்து இறங்காத எதையும் தொடக் கூடாது. பழத்தின் தோலை உங்கள் கையாலேயே உரிக்க வேண்டும், அதுவும் குரங்கு பார்க்காத இடத்தில். பன்னிரண்டு மணிக்கு மேல் கோயில் கல்லில் வெறுங்காலோடு நிற்கக் கூடாது. இதற்காக எடப்பாடித் தறித்துணியில் இரண்டு மடிப்பாகக் காலுறை தைத்து வைத்திருந்தார். தைத்தது அவர் மனைவி மரியம்மா. ஒரு ஜெர்மன் இன்ஜினீயரின் காலுக்கு எந்த அளவும் பொருந்தாமல், வீட்டிலிருந்த இரண்டு தலையணை உறைகளை நாடா போட்டுக் கட்டி அனுப்பினார் அந்த அம்மா. அந்த மனிதர் தாரமங்கலத்துக் கல்சங்கிலியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஊர் ஜனம் அவர் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றது.

குரங்குக்கும் ஒரு விதி உண்டு. அது எதைப் பிடுங்கினாலும் துரத்தக் கூடாது, எதிரே உட்கார்ந்துவிட வேண்டும், சலித்துப்போய் அதுவே போட்டுவிடும் என்பார். திருச்செங்கோட்டு மலையில் மூக்குக்கண்ணாடியைப் பறிகொடுத்த ஒரு துரை இதை அப்படியே கடைப்பிடித்தார். படியில் துரை, மதில்மேல் குரங்கு. முக்கால் மணி நேரம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் குரங்குதான் கொட்டாவி விட்டது. கண்ணாடி திரும்பி வந்தது, ஒரு காம்பு மட்டும் குறைவாக.

எனக்குப் பெரிய சோதனை காலை வேளைதான். ஜாக்கிரதை விடிந்ததும் ஓட்டலுக்கு வந்து, மாடியிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரிடமும், “நேத்து ராத்திரி எப்படிங்கன்னு கேளுங்க தம்பி” என்பார். அவர் கேட்பது வயிற்றை. அதை எப்படி நான் ஒரு சீமாட்டியிடம் கேட்பது? நன்றாகத் தூங்கினீர்களா என்று மாற்றிக் கேட்டுவிடுவேன். ஒருநாள் ஒரு அம்மாள், கல் மாதிரி என்றாள். யோசிக்காமல் அப்படியே சொல்லிவிட்டேன். ஜாக்கிரதையின் முகம் கறுத்துவிட்டது. கடைவீதிக்கு ஓடி ஒரு சீப்புப் பூவம்பழமும் கடுக்காய்ப்பொடியும் வாங்கி வந்து, அதில் பாதியையாவது அந்த அம்மாள் சாப்பிடுகிற வரைக்கும் காரைக் கிளப்ப மாட்டேன் என்று நின்றார்.

அந்த அம்மாள்தான் பிறகு பத்து நாள் தங்கினாள். டென்மார்க்குக்காரி. அறுபது வயதிருக்கும். பென்சிலும் காகிதமுமாகத் தூண் தூணாக உட்கார்ந்து வரைவாள். ஒருநாள் காலுறையை உதறி மாட்டிக்கொண்டே, இதைத் தைத்தது யார் என்று கேட்டாள். சொன்னேன். அவர் இந்தக் கோயில்களைப் பார்த்திருக்கிறாரா என்று அடுத்துக் கேட்டாள். நான் ஜாக்கிரதையைப் பார்த்தேன். அவளுக்கு வெயில் ஆகாது, ரோடும் சரியில்லை, பிறகு பார்க்கலாம் என்று ஏதோ சொன்னார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. பதினெட்டு வருஷமும் அந்தக் கார் அந்த வீட்டு வாசலிலிருந்துதான் கிளம்பிப் போயிருக்கிறது. அந்த அம்மா அதில் ஒருமுறைகூட ஏறியதில்லை. டென்மார்க்குக்காரி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்கு அவர் வந்தால்தான் நானும் வருவேன் என்றாள்.

மறுநாள் மரியம்மா வந்தார். பச்சைக்கரைச் சேலை, கையில் ஜெபமாலை, மடியில் ஒரு டப்பா முறுக்கு. ஜாக்கிரதை மனைவிக்கும் பின்பக்கம் திரும்பி எல்லா விதிகளையும் சொன்னார். அந்த அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். திருச்செங்கோட்டில் ஜாக்கிரதை மலை ஏறவில்லை. பங்குச்சாமியாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்று காரிலேயே இருந்துவிட்டார். கல்லைப் பார்ப்பது பாவமா என்று கேட்டுவிட்டு மரியம்மா எங்களோடு ஏறினார். வெளிமண்டபத்துத் தூண்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். உள்ளே இருக்கிற சாமி யார் என்று கேட்டார். பாதி ஆண், பாதி பெண், இரண்டும் ஒரே உடம்பு என்றேன்.

“இதுல பேசறது எந்தப் பக்கங்க, கேட்டுக்கிட்டே இருக்கறது எந்தப் பக்கங்க?”

நான் அதை மொழிபெயர்த்ததும் டென்மார்க்குக்காரி சிரித்த சிரிப்பில் மண்டபத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன.

சாயங்காலம் ஜேடர்பாளையத்தில் அணைக்கட்டுமேல் நின்று காவேரியைப் பார்த்தோம். மரியம்மா தண்ணீரில் கால் வைக்கப் போனார். பாசி வழுக்கும் என்று ஜாக்கிரதை தடுத்தார். அந்த அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, முழங்கால்வரை நனைத்துக்கொண்டு நின்றார். டென்மார்க்குக்காரி அவர்களை வரைந்தாள் என்று நினைக்கிறேன்.

பத்தாம் நாள் அவள் ஊருக்குப் போனாள். அடுத்த வாரம் மரியம்மாவுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்திருக்கிறார்கள். விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மூன்றாவது வாரம். டைஃபாய்டு, குடலைத் தாக்கிவிட்டது என்றார் டாக்டர். நானும் கூட நின்றேன். வெளியூர்ப் பிரயாணம் ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார். ஜாக்கிரதை தலையைக் குனிந்துகொண்டு, நான்தான் கூட்டிப்போனேன் என்றார். வீட்டில் என்ன தண்ணீர் குடிப்பீர்கள் என்று டாக்டர் அடுத்துக் கேட்டார்.

“எங்க ஊட்டுல சுடுதண்ணி தவிர வேற கெடையாதுங்க,” என்றார் ஜாக்கிரதை. அந்த நிலையிலும் குரலில் ஒரு பெருமை இருந்தது.

மரியம்மா கண்ணைத் திறந்தார். “அது கார்ல போறவங்களுக்குங்க,” என்றார் டாக்டரிடம். “ஒரு கூஜா காய்ச்சறதுக்குள்ள வெறகு தீந்துரும். நான் எப்பவும் கொழாத்தண்ணி தானுங்க. அவரு என்னைக் கூட்டிட்டுப் போனதுல ஒண்ணும் வரலீங்க.”

அதைச் சொல்லத்தான் கண்ணைத் திறந்தாரோ என்னவோ. இரண்டு நாளில் போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் ஜாக்கிரதை அழவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சவாரிக்கு வந்தார். அன்று இரண்டு இளவயதுக்காரர்கள், முதுகில் பை. அவர்கள் ஏறியதும் நான் மொழிபெயர்க்கத் தயாராகத் திரும்பி உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காரைக் கிளப்பினார். கூஜா இல்லை. பையன்கள் திருச்செங்கோட்டில் தள்ளுவண்டிச் சர்பத் குடித்தார்கள், ஈ மொய்த்த பலகாரம் தின்றார்கள், உச்சி வெயிலில் வெறுங்காலோடு துள்ளினார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஓட்டலுக்கு வந்தார். எதுவும் கேட்கச் சொல்லவில்லை. மாடிப்படியருகே நின்றார், அவ்வளவுதான். இரண்டு பேரும் சீட்டியடித்தபடி இறங்கி வந்து, இட்லி இன்னும் இரண்டு கொண்டுவரச் சொன்னார்கள்.

“அவங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்க தம்பி,” என்றார்.

அதற்குப் பிறகு அவர் கோயில் சவாரிக்கு வரவில்லை. ஜங்ஷனுக்கும் டவுனுக்குமாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டலுக்கு வந்தவர்கள் வேறு காரில் போனார்கள், வேண்டியதைத் தின்றார்கள். சிலருக்கு வயிறு கெட்டது. சிலருக்குக் கெடவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு மெட்ராஸில் வேலை கிடைத்தது. ஜங்ஷனுக்கு அவர் காரில்தான் போனேன். பெட்டியை அவரே ரயிலுக்குள் தூக்கி வந்து பலகைக்கு அடியில் தள்ளினார். பிறகு பிளாட்பாரத்தில் இறங்கி, என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் ஏதாவது சொல்ல மாட்டாரா என்று இருந்தது எனக்கு. எத்தனையோ நாட்டுக்காரர்களுக்கு அவர் சொன்னதை நான் வாய் வலிக்கத் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். எனக்கென்று ஒருமுறைகூட அவர் சொன்னதில்லை.

“எனக்கு ஒண்ணும் சொல்லலீங்களா அண்ணா?” என்று நானே கேட்டுவிட்டேன்.

யோசித்தார். கார்டு கொடியை எடுத்தாயிற்று.

“அவ இருந்தா வழிக்கு ஏதாச்சும் கட்டிக் குடுத்திருப்பா சாமி,” என்றார். “எனக்கு அது தெரியாமப் போச்சு. வெறுங்கையா வந்துட்டேன்.”

வண்டி நகர்ந்தது. அவர் கம்பியை விடாமல் நாலு எட்டு கூடவே நடந்து, பிறகு விட்டார். ரயில் இன்னும் கொஞ்சம் நேரம் நிற்கக் கூடாதா என்று என் வாழ்நாளில் நான் ஏங்கியது அந்த ஒருநாள்தான்.