குளம்பின் கண்ணீர்ச் சங்கத்தின் கருணை வரலாறு

கருணை என்பது உலகத்தில் வெகுகாலமாகவே இருந்து வருகிறது. ஆனால் அது ஒழுங்காக, சனிக்கிழமைகளில் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, பச்சை பனியன் அணிந்து நடைபெறத் தொடங்கியது கேப் டவுன் மலையடிவாரத்தில் 'குளம்பின் கண்ணீர்' சங்கம் தோன்றிய பிறகுதான். அதற்கு முன் குதிரைகள் எப்படி உயிர் வாழ்ந்தன என்பது இன்றுவரை விளங்காத புதிர்.

இந்தப் பெருமை நீலஸ் அப்போல்லிஸுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் தெரியவந்தது. நகரத்துக்கு வெளியே, மணல்வெளிக் குடியிருப்பில் இருப்பவர் அவர். தெருத்தெருவாகப் பழைய இரும்பு சேர்த்து விற்பது தொழில். வண்டி இழுப்பது பொக்கி என்கிற செம்பழுப்புப் பெட்டைக் குதிரை. பதினொரு வருடமாக இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நன்றாகவே பிழைத்து வந்தார்கள்.

ஒருநாள் நண்பகலில் நீலஸ் இரும்புக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். வெளியே, வண்டியிலிருந்து அவிழ்த்துவிட்ட பொக்கி வெயிலில் நான்கு கால்களையும் நீட்டிப் படுத்துத் தூங்கியது. வயிறு நிறைந்து கவலையில்லாத குதிரை அப்படித்தான் தூங்கும். அந்த வழியாகக் காரில் போன சங்கத் தலைவி ஹாத்தர்லி அம்மையாரோ ஓர் ஆத்மா பிரியும் காட்சியைக் கண்டார். அரை மணி நேரத்தில் பதினொரு தொண்டர்களும் இரண்டு குடைகளும் ஒரு புகைப்படக்காரரும் வந்து சேர்ந்தார்கள். உயிர்காக்கும் ஊசி ஏறுவதற்குள் பொக்கி விழித்து, எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, அம்மையாரின் வைக்கோல் தொப்பியைத் தின்றது. அது 'பட்டினியின் கோரம்' என்று குறிப்பேட்டில் ஏறியது.

கூட்டத்தைப் பார்த்து நீலஸ் ஓடி வந்தார்.

"அது தூங்கிட்டிருந்துச்சு மேடம்."

"இவளை நீங்க நேசிக்கிறீங்களா?" என்றார் அம்மையார்.

"இதென்ன கேள்வி? ஆமா."

"நேசிச்சா இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

இரண்டு வாரம் வைத்திருந்து உடம்பைப் பார்த்து அனுப்புவார்கள் என்று நினைத்துப் போட்டார். குதிரை மீதுள்ள உரிமையை மனமுவந்து விட்டுக்கொடுப்பதாக இரண்டாம் பக்கத்தில் இருந்தது. உண்மையான அன்புக்கு முதல் பக்கமே போதும் என்பதால் இரண்டாம் பக்கத்தை யாரும் காட்டவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனார். பொக்கிக்கு இப்போது 'அமைதி' என்று பெயர். வேண்டுமென்றால் தத்தெடுத்துக்கொள்ளலாம், இரண்டு ஏக்கர் புல்வெளியும் வெள்ளை வேலியும் இருந்தால் போதும் என்றார்கள். நீலஸின் கொல்லையில் மணலும் ஒரு குழாயும்தான் இருந்தன. ஆனால் தொண்டராகச் சேர எந்தத் தடையும் இல்லை. குதிரையைக் கண்ணால் பார்க்க வேறு வழியில்லாததால் அவர் தொண்டரானார்.

தொண்டர்களில் மூன்று படி உண்டு. முதல் படியில் சாணம் அள்ளலாம். இரண்டாம் படியில் கழுத்தைத் தேய்த்துவிடலாம். காலைத் தொட மூன்றாம் படி வேண்டும். அதற்கு ஒரு வருடம் ஆகும். பிறந்ததிலிருந்து குதிரைகளோடு வளர்ந்த நீலஸ் இரண்டு மணி நேரப் பயிற்சியில் உட்கார்ந்து, குதிரையின் முன்பக்கம் எது என்று கற்றுக்கொண்டு, சான்றிதழும் வாங்கினார்.

சங்கத்தின் சிறப்பே அன்புதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் நாற்பது தொண்டர்கள், ஆளுக்கொரு பை ஆப்பிள். மீதி ஆறு நாளும் இடுப்பளவு பசும்புல். பொக்கி நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாகப் பெருத்தது. நீலஸ் சாணம் அள்ளும் வாரியோடு அம்மையாரிடம் போனார்.

"மேடம், இதுக்கு இவ்வளவு புல்லு ஆகாது. ஆப்பிளையாவது நிறுத்தச் சொல்லுங்க. உழைச்ச உடம்பு."

"நீலஸ், நீங்க இன்னும் அந்தப் பழைய வாழ்க்கையிலயே இருக்கீங்க. இங்க யாரும் பசியோட இருக்கக் கூடாது."

அவருக்கு எதிர்மறைச் சிந்தனை இருப்பதாகப் பதிவு செய்து, மூச்சுப் பயிற்சிக்குப் பரிந்துரைத்தார்கள்.

பத்தாம் மாதம் பொக்கி முன்கால்களை நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னால் சாய்த்து நின்றது. நடக்க மறுத்தது. தியானம் செய்கிறாள் என்று தொண்டர்கள் பேசிக்கொண்டார்கள். நீலஸ் குனிந்து குளம்பில் கை வைத்தார். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிபோல் கொதித்தது. முதல் படியில் இருந்துகொண்டு காலைத் தொட்டதற்காக அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு டாக்டரை வரவழைத்தார்கள்.

டாக்டரம்மா அதிகம் பேசுகிறவர் இல்லை. தின்ற தீனி குளம்புக்குள் அழற்சியாக இறங்கியிருக்கிறது என்றார். புல் கூடாது, ஆப்பிள் கூடாது. மணல் தரையில் நிறுத்தி, நனைத்த வைக்கோலை அளந்து போட வேண்டும். குளம்பு ஆறியதும் தினமும் வேலை கொடுக்க வேண்டும்.

"இப்படியே விட்டீங்கன்னா ஒரு மாசம். அப்புறம் ஊசி போட்டு முடிச்சிட வேண்டியதுதான்."

அவசரக் கூட்டம் கூடியது. மணல் தரை, அளந்த தீனி, வேலை: இந்த மூன்று கொடுமைகளிலிருந்துதானே இவளை மீட்டோம் என்று அம்மையார் தழுதழுத்தார். பின்வரிசையில் நீலஸ் எழுந்து நின்றார்.

"எங்கிட்ட மணல் இருக்குங்க. புல்லு ஒண்ணுகூட இல்ல."

அவருடைய தத்து விண்ணப்பம் மிகுந்த பரிவோடு பரிசீலிக்கப்பட்டு, இரண்டு ஏக்கர் புல்வெளி இல்லாத காரணத்தால் நிராகரிக்கப்பட்டது. கொடுமைப்படுத்திப் பிழைக்கவைப்பதைவிட கண்ணியமாக வழியனுப்புவதே மேல் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். வரும் சனிக்கிழமை, மெழுகுவத்தி, வயலின், ஆளுக்கொரு கடைசி ஆப்பிள். வீட்டுக்குப் போகும் மினிபஸ்ஸில் நீலஸ் வெட்கப்படாமல் அழுதார்.

வெள்ளிக்கிழமை கருணைக்கு விடுமுறை. நண்பகலில் நீலஸ் பச்சை பனியனைப் போட்டுக்கொண்டு, இரும்புக் கடைக்காரரின் லாரியோடு வந்தார். லாரியின் தரையில் மூன்று பழைய மெத்தைகள் விரித்திருந்தன. பொக்கி முனகிக்கொண்டே ஏறியது. வாசலில் காவலாளி மவூட்டோ, மலாவியிலிருந்து பிழைக்க வந்தவர், லாரியை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார். பத்து மாதமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர்தான்.

"அண்ணே, குதிரை இந்த வாசலைத் தாண்டணும்னா புத்தகத்துல எழுதணும்."

"எழுதினா?"

"எழுதியிருந்தா கதவத் திறக்கணும். அதுதான் விதி. இதுவரைக்கும் உள்ள வந்ததுதான், எதுவும் வெளிய போனதில்ல. அதனால ஒரே புத்தகம்தான்."

நீலஸ் பழைய பக்கத்தைப் புரட்டினார். 'பெயர்: அமைதி. நிலை: சாகக் கிடந்தது. யாரிடமிருந்து மீட்கப்பட்டது: வண்டிக்காரன் ஒருவன். மீட்டவர்: குளம்பின் கண்ணீர் சங்கம்.'

புதுப் பக்கத்தில் அவசரப்படாமல் எழுதினார். 'பெயர்: பொக்கி. நிலை: சாகக் கிடக்கிறது. மீட்டவர்: வண்டிக்காரன் ஒருவன்.' நடுவில் 'யாரிடமிருந்து' என்ற கட்டம் மிச்சமிருந்தது. மவூட்டோ அதைத் தொட்டுக் காட்டி, எதையும் காலியாக விடக்கூடாது என்றார்.

நீலஸ் தன் பனியனைக் கீழே இழுத்துப் பிடித்து, நெஞ்சில் அச்சடித்திருந்த சங்கத்தின் பெயரைப் பார்த்துப் பார்த்து, ஓர் எழுத்தும் பிசகாமல் அந்தக் கட்டத்தில் எழுதினார்.