கால் பங்குக் குதிரைக்காரர்

பந்தயத்தில் பணம் கட்டுகிறவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவர்கள் துணிந்தவர்கள், கெட்டாலும் தனியாகக் கெடுவார்கள். இங்கே பேச்சு, கூட்டில் சேருகிறவரைப் பற்றி. இவர் வேறு இனம். ஒரு ரூபாய் வைத்துச் சீட்டாடக் கூப்பிட்டால் காதைப் பொத்திக்கொள்வார். நாலு பேர் சேர்ந்து நூறு ரூபாயைக் குதிரைமேல் வைக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் மட்டும் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். நாலு பேர் செய்தால் பாவத்தில் கால் பங்குதானே? கால் பங்குப் பாவத்தை ஒரு வெள்ளிக்கிழமை பத்மநாபசுவாமி கோயில் பிரதட்சிணத்தில் கழித்துவிடலாம்.

திருவனந்தபுரத்துக் கரமனை சேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1967-இல் அவருக்கு நாற்பத்தாறு வயது. சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் ஹெட் கிளார்க். பேனாவுக்கு மை நிரப்பும்போது கூட ஒரு சொட்டு அதிகம் விடாத மனிதர். அவருக்குக் கீழே வேலை பார்த்த பூதலிங்கம், டிராயிங் பிரிவு ராஜையன் இரண்டு பேரும் மத்தியான இடைவேளையில் தலையோடு தலை முட்டப் பேப்பரில் குதிரைப் பந்தயப் பகுதியைப் படிப்பதை ஒரு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் கண்டித்தார். பிறகு எட்டிப் பார்த்தார். பிறகு, ஆறாம் நம்பர் குதிரை போன வாரம் எத்தனையாவதாக வந்தது என்று சும்மா விசாரித்தார்.

சும்மா விசாரிப்பவரைப் பூதலிங்கம் விடுவாரா?

"சாமி, இது சூதாட்டம் இல்லை. சிண்டிகேட்டாக்கும். டெல்லியில காங்கிரஸ் தலைவர்மாருக்கே சிண்டிகேட்டு உண்டு, பின்ன நமக்கு என்னவாம்?"

சிண்டிகேட் என்ற சொல்லில் சேஷனுக்கு ஒரு கௌரவம் தெரிந்தது. பூதலிங்கத்தின் மைத்துனர் ஆறுமுகநயினார் சென்னையில் சைதாப்பேட்டைக்காரர். சனிக்கிழமை தோறும் கிண்டி மைதானத்துக்குப் போகிறவர். இங்கிருந்து மூன்று பேர் ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய், அங்கே நயினார் இருபத்தைந்து. சீசன் முழுவதற்கும் மொத்தம் நூறு. வீட்டில் மனைவி மங்கலத்திடம் ஆபீஸில் சீட்டுப் பணம் கட்டும் ஒரு சிட்டியில் சேர்ந்திருப்பதாகச் சொல்லி சேஷன் இருபத்தைந்தை வாங்கிக்கொண்டார்.

சேர்ந்த மறுநாளே அவர் நிபுணராகிவிட்டார். இந்த இனத்தின் லட்சணமே இதுதான். குதிரை என்றால் கோயில் வாகனமாக மட்டும் பார்த்துப் பழகியவர், பின்னங்கால், மூச்சு, நனைந்த தரை என்றெல்லாம் பேசத் தொடங்கினார். காலையில் பாளையம் பக்கம் போன போலீஸ் குதிரையைப் பின்தொடர்ந்து நடந்து, அதன் இடது முழங்கால் சரியில்லை என்று மேலே இருந்த போலீஸ்காரரிடம் எடுத்துச் சொன்னார். "சாறே, ஒண்ணு மாறி நிக்கணும்" என்று தள்ளி நிற்கச் சொன்னார் போலீஸ்காரர். அந்த அலட்சியத்தால்தான் போலீஸ் குதிரைகள் பந்தயத்துக்கு லாயக்கில்லாமல் போகின்றன என்று ராஜையனிடம் சேஷன் விளக்கினார்.

பிப்ரவரியில் ஒரு பெரிய பந்தயம் வந்தது. மிச்சமிருந்த பணம் முழுவதையும் அதிலேயே கட்டுவது என்று முடிவு. எந்தக் குதிரை? ராஜையன் எடை பார்த்தார். பூதலிங்கம் ஜாக்கியின் பெயரைப் பார்த்தார். சேஷன் பட்டியலில் ருக்மிணி என்ற பெண்குதிரையைக் கண்டதும் விரலை வைத்துவிட்டார். மாம்பலத்தில் இருக்கும் அவருடைய அத்தை பெயர் ருக்மிணி. நிபுணருக்கு வேறு என்ன ஆதாரம் வேண்டும்? ஹெட் கிளார்க் விரல் வைத்த இடத்திலிருந்து எடுக்கச் சொல்ல மற்ற இருவருக்கும் வாய் வரவில்லை.

ஜெயித்தாலும் தோற்றாலும் தந்தி வரும். எங்கே வருவது? ராஜையன் சர்ச் கமிட்டியில் இருப்பவர். பூதலிங்கத்தின் மனைவி தந்திக்காரனையே குறுக்கு விசாரணை செய்யக்கூடியவள். அக்கிரகாரத்து வீட்டுக்கு வரும் தந்தியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று சேஷனின் விலாசத்தைக் கொடுத்தார்கள். அவருக்கும் அதில் பெருமைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பியபோது வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். நடுவில் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், கையில் தந்தி. ருக்மிணி ஃபெல், நோ ஹோப், லெட்டர் ஃபாலோஸ், நயினார். ஆங்கிலத்தில் குதிரை விழுந்தாலும் அத்தை விழுந்தாலும் ஒரே வினைதான். ஹெட்மாஸ்டர் அதை, "ருக்மிணி விழுந்துட்டாளாம். நம்பிக்கை இல்லையாம்" என்று தமிழ்ப்படுத்தி முடித்திருந்தார். மங்கலம் உள்ளே பெட்டியை இறக்கித் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நயினார் யார் என்று யாரோ கேட்க, அத்தை வீட்டு மாடியில் குடியிருப்பவர் என்று சேஷன் வாயிலிருந்து தானாக வந்தது.

"இன்னிக்கு ரயிலைப் பிடிச்சா முகத்தையாவது பாக்கலாமே" என்றார் ஹெட்மாஸ்டர்.

சேஷன் யோசித்தார். உண்மையைச் சொன்னால் தெருவில் தலைகாட்ட முடியாது. ரயில் ஏறினால் மாம்பலத்தில் அத்தையே கதவைத் திறப்பாள். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வழி இருந்தது.

"இனிமே போய்ப் பிரயோஜனமில்லே. நோ ஹோப்னா ஆயாச்சுன்னுதான் அர்த்தம்" என்றார்.

இப்படியாக, எறும்பை மிதிக்காத சேஷன் பட்டப்பகலில் பதினைந்து சாட்சிகளுக்கு முன்னால் தம் அத்தையைக் கொன்றார்.

அதற்குப் பிறகு காரியங்கள் தாமாக நடந்தன. சாவுச் செய்தி கேட்டால் ஸ்நானம் செய்ய வேண்டும். நாலு பேர் கூட வர, கரமனை ஆற்றில் இறங்கி முழுகினார். முழுகி எழுந்ததும் அழுகை வந்தது. நடிப்பில்லை, உண்மையாகவே வந்தது. எதற்கு என்று அவருக்கே பிடிபடவில்லை. போன இருபத்தைந்து ரூபாய்க்கா? இந்நேரம் மாம்பலத்தில் இரண்டாவது காப்பி குடித்துக்கொண்டிருக்கும் அத்தைக்கா? ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று மடங்கி விழுந்த, அவர் கண்ணாலும் பார்த்திராத அந்தப் பெண்குதிரைக்கா? அத்தைமேல் இவ்வளவு பாசமா என்று தெரு நெகிழ்ந்து போயிற்று.

புதன்கிழமை இரண்டு கடிதங்கள் வந்தன. சாயங்காலம் சேஷன் காப்பி குடித்து டம்ளரைக் கீழே வைக்கும்வரை மங்கலம் காத்திருந்து, இரண்டையும் அவர் முன்னால் போட்டாள். ஒன்று அத்தையின் கார்டு. யாரிடமாவது நார்த்தங்காய் கொடுத்தனுப்பச் சொல்லித் திங்கட்கிழமை எழுதியது. மற்றது நயினாருடையது: கடைசி வளைவில் கால் இடறிவிட்டது, பணம் முழுவதும் போயிற்று, அடுத்த சீசனில் பிடித்துவிடலாம்.

மங்கலம் அழவில்லை, சத்தம் போடவில்லை.

"குதிரைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"கேக்கலியா?"

கேட்கவில்லை. கூட்டில் ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு நாளாகப் பூதலிங்கமும் ராஜையனும் ஜாக்கியைத் திட்டினார்கள், தரையைத் திட்டினார்கள், விரல் வைத்தவரைத் தவிர எல்லாரையும் திட்டினார்கள். சேஷனுக்கு முகம் சுட்டது. அன்றைக்கே நயினாருக்கு ஒரு கார்டு எழுதினார். குதிரைக்குக் கால் தேறிவருகிறது, இனிமேல் ஓடாது, முதலாளி பெங்களூர்ப் பக்கம் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார் என்று பதில் வந்தது. மங்கலம் அதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "நன்னா இருக்கட்டும்" என்றாள்.

தெருவுக்கு அவளே பதில் சொன்னாள்: அத்தை பிழைத்துவிட்டாள், டாக்டருக்கே ஆச்சரியம். எல்லாருக்கும் சந்தோஷம். ஹெட்மாஸ்டர் மட்டும், தாம் நம்பிக்கை இல்லை என்றுதான் படித்ததாகவும், ஆயாச்சு என்று முடித்தது சேஷன்தான் என்றும் வீடு வீடாக எடுத்துச் சொன்னார்.

சேஷன் சிண்டிகேட்டை விட்டார். பூதலிங்கம் எத்தனையோ சொல்லிப் பார்த்தார், சாமி மசியவில்லை. இனி இந்த ஜன்மத்தில் குதிரை வால் பக்கம் கூடப் போவதில்லை என்று சொன்னார். போகவும் இல்லை.

அந்த வருஷக் கடைசியில் சர்க்காரே லாட்டரிச் சீட்டு விற்க ஆரம்பித்தது. சீட்டு ஒரு ரூபாய். ஒரு மத்தியானம் ராஜையனின் மேஜையைச் சுற்றி மூன்று பேர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்கள். சேஷன் கடந்து போனார். ஜன்னல்வரை போனார். பிறகு திரும்பி வந்து, ஆளுக்கு எவ்வளவு என்று சும்மா விசாரித்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நீங்கள் அந்த இனமே இல்லை, தெரியும். ஆனால் ஒன்று: நாலு பேர் ஒரு காகிதத்தின் மேல் குனிந்திருக்கும்போது, என்ன விஷயம் என்று கேட்காமல் கடந்து போயிருக்கிறீர்களா? இனிமேல் கேட்குமுன் அவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். உங்கள் காலடிச் சத்தம் கேட்டதுமே நகர்ந்து உட்கார்ந்து ஒரு ஆளுக்கு இடம் விட்டிருப்பார்கள்.