குகைக்கு வெளியே ஒரு கயிற்றுக்கடை

"ஐம்பதடிக் கயிறு ஒரு பொற்காசு" என்றான் ஹெக்டர்.

"என்ன கயிறு?" என்று கேட்டான் சரீப்.

ஹெக்டர் புத்தகத்தைப் பார்த்தான். அந்த ஆங்கிலப் புத்தகத்தில் கயிறு என்று மட்டும்தான் போட்டிருந்தது.

"சும்மா கயிறு."

"சும்மா கயிறெண்டு ஒண்டு இல்லை மச்சான். தேங்காய்த் தும்போ, நைலோனோ? எத்தினை இழை? உப்புத்தண்ணியில கிடந்தா உக்கிப்போகாதோ?"

"அந்தக் காலத்தில நைலோன் இல்லை. இது மந்திரவாதிகளும் பறக்கிற நாகங்களும் இருக்கிற காலம்."

"நாகம் பறக்கட்டும். தும்புக் கயித்துக்கு ஒரு பொன் கூடப்பா."

சரீப்புக்குக் குடாவின் அக்கரையில், கிண்ணியாவில், கயிறும் வலையும் விற்கிற கடை இருந்தது. ஹெக்டர் இதை முதலே யோசித்திருக்க வேண்டும்.

ஹெக்டர் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். நூல்நிலையத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களை எல்லாம் வாசித்து, பனியையே காணாமல் பனிப்புயலில் பலமுறை அகப்பட்டவன். போன மாதம் வந்த கப்பலொன்றின் மாலுமி, இரண்டு குலை செவ்விளநீருக்கு மாற்றாக இந்த விளையாட்டுப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். பெட்டிக்குள் பலகை இல்லை, காய்கள் இல்லை, பகடைகளும் புத்தகங்களும்தான். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரர்களாகப் புகுந்து தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். புறப்படுமுன் பகடை உருட்டி, விழுகிற தொகைக்குப் பொற்காசு பெற்று, கடைத்தெருவில் சாமான் வாங்க வேண்டும். பொற்காசுக்குப் பதிலாக ஹெக்டர் புளியங்கொட்டை கொண்டுவந்திருந்தான்.

வீரர்களுக்காக அவன் ஒரு குகை வரைந்து வைத்திருந்தான். வாசலிலே ஆழக்கிடங்கு, அதற்குள் கயிறு கட்டி இறங்கினால் நிலத்தடி ஏரி, ஏரிக்கு அப்பால் நித்திரை கொள்கிற நாகம். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது. வீரர்கள் இன்னும் கடைத்தெருவில்தான் நின்றார்கள்.

அதைவிடப் பெரிய கவலை குசினிக்குள் இருந்தது. அங்கே மீன் வெட்டிக்கொண்டிருந்த மரியம்மா, எதிரே கதிரையில் இருந்து விளையாடுகிற சீலாவின் தாய். சீலாவைத் தனக்குக் கட்டித்தரும்படி ஹெக்டர் கேட்டு மூன்று மாதம். மரியம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"பொடியன் நல்லவன்தான். காசு புழங்கிற விதத்தைப் பாத்துத்தான் சொல்லுவன்" என்றிருந்தாள்.

அதனால்தான் இந்த விளையாட்டை உட்துறைமுக வீதியில் அவள் வீட்டு மண்டபத்திலேயே ஹெக்டர் வைத்தான். கதை சொல்லுகிறவன்தான் கடைக்காரனும். அறுத்து உறுத்து விலை சொல்லி, காசை எண்ணி வாங்குகிற அழகை மாமி ஒருதரம் பார்த்தால் போதும். தன்னையும் சீலாவையும் தனியே விட மாட்டாள் என்பதால் சரீப்பையும் கூப்பிட்டிருந்தான். சீலாவின் தகப்பன் பேணாட் மூலையில் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அவரை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை.

"புத்தகத்தில ஒரு பொன் எண்டா ஒரு பொன்தான்" என்றான் ஹெக்டர், குசினிக்குக் கேட்கும்படி.

"சரி, இப்ப கதையில நேரம் என்ன?" என்றான் சரீப்.

"விடியக்காலமை. இப்பதான் கடை திறக்குது."

"அப்ப நான்தான் முதல் ஆள். முதல் வியாபாரத்தில ஆளை வெறுங்கையோட திருப்பி அனுப்புவீங்களோ? நாள் முழுக்கக் கடை விளங்குமோ?"

ஹெக்டர் திகைத்தான். புத்தகத்தில் இதற்கு விதி இல்லை.

"முக்காலுக்குத் தாறன்."

"அரை."

"சரி, அரை."

சரீப் ஒரு புளியங்கொட்டையைக் கடித்து இரண்டாக்கிப் பாதியை நீட்டினான்.

"எனக்கும் அரைக்குத்தானே?" என்றாள் சீலா.

ஹெக்டர் அவளைக் கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தான். "நீங்களுமோ?" என்று மெல்லக் கேட்டான்.

"நான் என்ன செய்ய? குறைச்சுக் கேக்காமல் வாங்கினா அம்மா ஏசுவா. விளக்கொண்டும் தாங்கோ. எண்ணெய் நிரப்பித்தானே தருவீங்கள்?"

"எண்ணெய்க்கு வேற காசு."

"எண்ணெயில்லாத விளக்கை வச்சு நான் குகைக்குள்ள தடவுறதோ?"

எண்ணெயும் போயிற்று. குசினிக்குள் கத்திச் சத்தம் நின்றது.

ஹெக்டர் நெற்றியைத் துடைத்தான். கடைக்காரன் இளகியவனாய்ப் போனதுதான் பிழை என்று தோன்றியது. "எதிர்ப்பக்கம் இன்னொரு கடை இருக்குது. அந்த ஆள் கல்நெஞ்சன், ஒரு சதமும் குறைக்க மாட்டான். கோடரியும் கேடயமும் அங்கயும் கிடைக்கும்."

சரீப்பின் முகம் மலர்ந்தது. "இரண்டு கடையோ! இதை முதலே சொல்லியிருக்கலாமே. கோடரி என்ன விலை?"

"ஏழு பொன். கடைசி விலை."

"முதல் கடையில ஆறுக்குத் தருவினமோ எண்டு கேட்டிட்டு வாறன்."

ஹெக்டர் கதிரையில் மற்றப் பக்கம் திரும்பி முதற்கடைக்காரன் ஆனான். கையில் வந்த ஆளை விட அவனுக்கு மனமில்லை. "ஆறுக்குத் தரலாம்."

திரும்பி இரண்டாவது கடைக்காரன் ஆனான். அவனுக்கு ரோசம் வந்தது. "ஐந்தரை!"

"ஐந்து!" என்றான் முதற்கடைக்காரன்.

"நாலு! கேடயமும் சும்மா தாறன்!"

தான் என்ன சொன்னோம் என்று ஹெக்டருக்கு அப்போதுதான் விளங்கியது.

"தன்னோட தானே போட்டி போட்டுத் தோக்கிற மனிசனை இண்டைக்குத்தான் காணுறன்" என்றது குசினிக் குரல்.

சீலா வாயைப் பொத்திக்கொண்டாள். ஹெக்டரின் காது சிவந்தது. இனி மானம் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது.

"அரசன் இரண்டு கடையையும் மூடிப்போட்டான்" என்று அறிவித்தான். "இனிக் கூட்டுறவுச் சங்கக்கடை மட்டும்தான். கட்டுப்பாட்டு விலை. எல்லாரும் வரிசையில நிக்க வேணும்."

அது அவன் செய்த மிகப் பெரிய பிழை. சங்கக்கடை வரிசை என்ற சொல் கேட்டதும் மரியம்மா மீன் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"எங்க வரிசை? ஆர் முன்னுக்கு நிக்கிறது?"

"நான்தான் மாமி" என்றான் சரீப்.

"தம்பி, தள்ளி நில்லும். தட்டுப்பாட்டுக் காலத்தில பாணுக்கும் சீனிக்கும் விடிய நாலு மணிக்கே வரிசையில நிண்டவள் நான். எனக்கு முன்னால ஒருத்தரும் நிண்டதில்லை."

சரீப் கதிரையை விட்டு எழுந்து இடம் கொடுத்தான்.

"கயிறு எவ்வளவு கிடக்கு?"

"இருபது கட்டு, மாமி."

"முழுக்க எடுக்கிறன்."

"அதுக்குக் காசு..."

மரியம்மா குசினிக்குப் போய்ச் சாடியிலிருந்து ஒரு சுண்டு நிறையப் புளியங்கொட்டை அள்ளி வந்து மேசையில் கொட்டினாள்.

"மாமி, அது விளையாட்டுக் காசில்லை."

"ஏன் தம்பி, உம்மட கொட்டை வேற மரத்தில காய்ச்சதோ?"

இருபது கட்டுக் கயிறும் மரியம்மாவுக்குப் போயின. சரீப்பும் சீலாவும் ஏற்கெனவே வாங்கிய துண்டுகளையும், நயமாகக் கேட்டு, கூடிய விலை கொடுத்து வாங்கிக்கொண்டாள். நல்ல இலாபம் என்று இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிறகுதான் ஹெக்டர் குகையின் வாசலைப் பற்றிச் சொன்னான். ஆழக்கிடங்கு. கயிறில்லாமல் இறங்க ஏலாது.

"கயிறு என்ன விலை மாமி?" என்று கேட்டான் சரீப்.

"கட்டு முப்பது பொன்."

"அரைப் பொன் கயிறு முப்பதோ!"

"வேணாட்டி விடும். கிடங்குக்குள்ள குதியும்."

சரீப் கையெடுத்துக் கும்பிட்டான். "மாமி, நல்லகாலம் நீங்கள் கிண்ணியாவில கடை போடேல்லை."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாகம் நித்திரையில் கிடந்தது. எப்படியாவது இவர்களைக் குகைக்குள் இறக்கிவிட வேண்டும் என்ற அவதியில் ஹெக்டர் சொன்னான்: "சங்கக்கடை மனேச்சர் சரீப்புக்குக் காசு கடன் குடுக்கிறார்."

"பிணை ஆர்?" என்றாள் மரியம்மா உடனே.

"பிணையோ... மனேச்சரே பிணை நிக்கிறார்."

"கடன் குடுக்கிறவனே அந்தக் கடனுக்குப் பிணையோ?"

"வேற ஆள் இல்லை மாமி."

மரியம்மா சீலை மடியை விரித்துப் பிடித்தாள். கடையில் சேர்ந்த காசு சரீப்பின் கைக்குப் போய், அங்கிருந்து மரியம்மாவின் மடிக்குப் போயிற்று.

"இப்ப உம்மட கடையில என்ன கிடக்கு?"

"ஒண்டுமில்லை மாமி. சாமானும் இல்லை, காசும் இல்லை."

"வெறுங்கடையை வச்சு என்ன செய்யப்போறீர்? எனக்குத் தாரும். கணக்கெழுத உம்மையே வச்சிருக்கிறன்."

"சரி மாமி" என்றான் ஹெக்டர்.

சரீப் பதறி எழுந்தான். கிண்ணியாவுக்குப் போகிற கடைசித் தோணி புறப்படுகிற நேரம். முப்பது பொன்னுக்கு வாங்கிய கயிற்றை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடினான். சீலா ஹெக்டரை நிமிர்ந்து பாராமல் உள்ளே போனாள். மரியம்மா புளியங்கொட்டைகளை ஒன்று விடாமல் வழித்து அள்ளிக்கொண்டு குசினிக்குப் போனாள்.

ஹெக்டர் குகைப் படத்தைச் சுருட்டினான். இனி இந்த வீட்டுப் படி மிதிக்க முடியாது. எத்தனையோ நாவல்களில் காதலில் தோற்றவர்களோடு அவன் அழுதிருக்கிறான்; அவர்களில் ஒருவனாவது ஒரு கட்டுக் கயிற்றால் தோற்றதில்லை. பெட்டியைச் சைக்கிளில் கட்டினான்.

பின்னால் செருமல் கேட்டது. பேணாட், கையில் மடித்த பேப்பரோடு.

"போட்டு வாறன் மாமா" என்றான் ஹெக்டர். "உங்களுக்கெல்லாம் கரைச்சல் தந்திட்டன்."

"நில்லும். நாளைக்கு உம்மைத் தேவாலயச் சுவாமியாரிட்டைப் போய் நாள் கேக்கட்டாம், மாமி சொல்லுறா."

"என்ன நாள்?"

"உமக்கும் சீலாவுக்கும் கலியாண நாள்."

ஹெக்டரின் கையிலிருந்து சைக்கிள் சரிந்தது. "மாமா, நான் கடையையே குடுத்துப்போட்டனே! மாமி எல்லாத்தையும் பாத்தவவெல்லோ?"

பேணாட் குசினிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"போன வருசம் பாங்கில வேலை செய்யிற பொடியன் ஒருத்தன் சீலாவைக் கேட்டு வந்தவன், தம்பி, அவனுக்குக் காசு புழங்க நல்லாத் தெரியுமெண்டபடியாத்தான் மாமி வேண்டாமெண்டவ."