அறுபது தமிழ், நாற்பது இங்கிலீஷ்

"இந்த மாசக் கடைசிக்குள்ள பார்க்குற ஆளு கூடலேன்னா நம்ம சேனலைத் தூக்கிடுவாங்களாம் லீமா" என்று முதலாளி சேதுமாதவன் சொன்னபோது, வாயில் ஊற்றிய சுலைமானி டீயை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள் லீமா.

யார் தூக்குவார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. கேபிள் கம்பெனிதான். வீட்டுக்கு வீடு அவர்கள் வைத்திருக்கும் பெட்டி, யார் எந்தச் சேனலை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று போட்டுக் கொடுத்துவிடும். நங்கூரம் டிவியைப் பற்றி அது போட்டுக்கொடுத்த கணக்கு சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

நங்கூரம் டிவி ஷார்ஜாவில் ரோலா பக்கம் ஒரு பழைய ஃபிளாட்டில் நடந்தது. ஒரு படுக்கையறை ஸ்டூடியோ, இன்னொன்று கன்ட்ரோல் ரூம். ஹால் முழுக்கச் சேதுமாதவனின் கார்கோ கம்பெனிப் பெட்டிகள். ஆரம்பத்தில் பழைய பாட்டும் பண்டிகை வாழ்த்தும் கார்கோ விளம்பரமும்தான். தமிழ்க் குரல் காதில் விழுந்தால் போதும் என்று அன்றைக்கு வந்தவர்கள் அதையே ஆசையாகப் பார்த்தார்கள். அப்புறம் சமையல் வந்தது, செய்தி வந்தது, விசா சந்தேகம் தீர்க்க ஒரு வக்கீல் வந்தார். அதற்குள் அவர்கள் பெற்ற பிள்ளைகள் வளர்ந்து ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு இங்கிலீஷ் சேனலுக்குப் போய்விட்டன.

கத்தி தொங்கியது லீமாவின் தலைக்கு மேல்தான். நிகழ்ச்சிப் பொறுப்பு அவளுடையது என்பதால் மட்டுமல்ல. அவள் விசா சேனலின் பெயரில், மகள் ரினியின் விசா அவள் பெயரில். கணவன் ஆல்டோ சவூதியில் அல் கோபாரில் கம்பெனி கேம்ப்பில் இருந்தான். குடும்பத்தை அங்கே அழைத்துக்கொள்ள வழியில்லை. சேனல் போனால், பத்தாம் வகுப்பின் நடுவில் ரினியைப் பிடுங்கிச் சொந்த ஊர் குளச்சலுக்குக் கூட்டிப்போக வேண்டும். தன் பெயரையே தமிழில் பார்த்துப் பார்த்து எழுதுகிற பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டு சேர்ப்பது?

"பிள்ளைங்களைப் பிடிச்சா குடும்பமே வரும். இங்கிலீஷ்ல போடு" என்றார் சேதுமாதவன்.

போட்டாள். கேள்வி பதில், கைவேலை, கதை எல்லாம் இங்கிலீஷில். பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெரியவர்கள் போன் போட்டு, இங்கிலீஷ் கேட்க ஊரெல்லாம் சேனல் கிடக்க நீங்கள் எதற்கு என்று கேட்டார்கள். இருந்த கூட்டமும் கொஞ்சம் கழன்றது.

சரி, இரண்டும் வேண்டும் என்று அரைமணி நேரம் தமிழ், அரைமணி நேரம் இங்கிலீஷ் என்று பாகம் பிரித்தாள். பாஷை மாறும் ஒவ்வொரு முறையும் வீடுகளில் ரிமோட்டுக்கு அடிதடி. சண்டை முடிந்து பார்க்கும்போது டிவியில் வேறு ஏதோ சேனல் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்தது லீமாவே யோசித்த யோசனை. ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி, அதையே உடனே இங்கிலீஷிலும் சொல்வது. செய்தி இரண்டு மடங்கு நீண்டது. வெயில் கொளுத்தும் என்பதை இரண்டு பாஷையில் கேட்ட ஜனங்களுக்கு இரண்டு மடங்கு வியர்த்தது. சமையல் நிகழ்ச்சி நடத்திய பானுமதி எண்ணெயில் கடுகைப் போட்டுவிட்டு, தாளிப்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று கேமராவைப் பார்த்து யோசித்தபடி நின்றாள். கடுகு அதுவரை காத்திருக்கவில்லை. புகை கிளம்பி, கட்டடத்தின் அலாரம் அலறி, எல்லாரும் பதறியடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்கள். ஆளில்லாத அடுப்படி லைவில் போய்க்கொண்டே இருந்தது.

"அந்த வாரத்துலயே அதைத்தான்க்கா நெறையப் பேரு பாத்திருக்காக" என்று மறுநாள் சொன்னான் கன்ட்ரோல் ரூம் முனியசாமி. சாயல்குடிக்காரன், உள்ளதை ஒளித்துப் பேசத் தெரியாதவன்.

பானுமதி கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டாள். மாதம் பாதி கழிந்திருந்தது. வேறு ஆள் கிடைக்காமல் லீமாவே கேமரா முன்னால் உட்கார முடிவெடுத்தாள். பக்கத்தில் ரினி. தாயும் மகளுமாக உட்கார்ந்து பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது போல ஒரு நிகழ்ச்சி. சாயங்காலம் ஏழு மணிக்கு, லைவ். ரினி ஒப்புக்கொள்ளவே இல்லை. புது ஹெட்போன் வாங்கித் தருவதாகச் சொன்ன பிறகு, பெரிய மனது பண்ணி வந்தாள்.

இங்கே ஸ்டூடியோவின் ஏசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது ஜன்னல் ஏசி. போட்டால் போதும், லாரி மலையேறுகிற சத்தம். அதனால் லைவ் ஓடும்போது அதை அணைத்து வைப்பார்கள். விளம்பர இடைவேளை வந்ததும் முனியசாமி கன்ட்ரோல் ரூமிலிருந்து அதைப் போட்டுவிடுவான். ஏசி ஓடினால் இடைவேளை, நின்றால் லைவ். வேறு சிக்னல் எதற்கு என்று எல்லாரும் இத்தனை வருஷமாக அதை நம்பித்தான் வேலை பார்த்தார்கள்.

அன்றைக்கு செப்டம்பர் மாத வெக்கை. பத்து நிமிஷம் லைவ் போவதற்குள் தாயும் மகளும் நனைந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, கீழே கார்கோ வேனோடு மல்லுக்கட்டிவிட்டு வேர்த்து விறுவிறுத்து வந்த சேதுமாதவன், நேரே கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்து, கண்ணில் பட்ட ஏசி சுவிட்சைப் போட்டார். முனியசாமி அப்போது குனிந்து ஒரு வயரைச் செருகிக்கொண்டிருந்தான்.

லாரி மலையேறத் தொடங்கியது. லீமா முகத்திலிருந்த சிரிப்பைக் கழற்றி வைத்தாள்.

"மக்ளே, டிபன்ல வச்ச சோறு அப்படியே கெடக்கே. என்னத்துக்கு?"

"மா, ஐ டோல்ட் யூ. நோ ஃபிஷ் இன் மை லஞ்ச்."

"நெத்திலி நாறுதோ உனக்கு?"

"எவ்ரிபடி வாஸ் ஸ்டேரிங், மா."

"பாக்கட்டும். உங்கப்பன் ஐடிஐ படிச்சது நெத்திலிக் காசுல பிள்ளே. உங்க தாத்தா கடல்ல போய் உயிரைக் குடுத்துப் பிடிச்ச மீனு."

"தென் ஆஸ்க் தாத்தா டு கம் அண்ட் சிட் இன் மை கிளாஸ்."

லீமா கையை ஓங்கினாள். அடிக்க அல்ல, ஓங்காமல் அடுத்த வரி வராது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்தவை போன் பார்ப்பது, தலை வாராமல் திரிவது, கணக்குப் பரீட்சை என்று தொடுத்துக்கொண்டே வந்தன. அம்மா ஒரு வரி இங்கிலீஷ் பேசவில்லை. மகள் ஒரு வரி தமிழ் பேசவில்லை. ஆனால் ஒருத்தி சொன்னது இன்னொருத்திக்குப் புரியாமலும் இல்லை. கடைசியில் லீமா தன் புடவைத் தலைப்பாலேயே மகளின் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, அதே மூச்சில் "மூதேவி" என்று சொல்லி முடித்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு முனியசாமி வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, எல்லாம் வெளிய போயிருச்சு."

மானம் போனது, வேலை போனது, குளச்சலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான் என்று லீமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ரினி அழவே ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து அறையில் போன் அடித்தது. எடுத்துப் பேசி வைத்ததும் மறுபடி அடித்தது. அஜ்மானிலிருந்து ஒரு அம்மாள், எங்கள் வீட்டில் நடப்பதை அப்படியே காட்டினீர்களே, நாளைக்கும் உண்டா என்று கேட்டாள். ஒரு பையன் ரினியின் பக்கம்தான் நியாயம் என்றான். ஆல்டோவுக்கு யாரோ துண்டு வீடியோ அனுப்பியிருக்க, தன் ஐடிஐ கதையை ஊருக்கெல்லாம் எதற்குச் சொன்னாய் என்று அவன் கோபித்துக்கொண்டான். கோபித்து முடித்துவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு என்று அவனும் கேட்டான்.

மறுநாள் கேபிள் கம்பெனியிலிருந்தே போன் வந்தது. நேற்று ஏழு மணிக்கு என்ன போட்டீர்கள், பார்ப்பவர் தொகை எகிறியிருக்கிறதே என்று விசாரித்தார்கள்.

சேதுமாதவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஏசியைப் போட்டது நான்தானே என்று கார்கோவுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். அத்தோடு விட்டாரா? இது தானாக வந்தது, இதை முறைப்படுத்த வேண்டும் என்று கிளம்பினார். சண்டையில் எந்த பாஷை எவ்வளவு என்று வீடியோவைப் போட்டுப் போட்டு அளந்து, அறுபது தமிழ், நாற்பது இங்கிலீஷ் என்று ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். அதன்படி வசனம் எழுத ஒருவரைப் பிடித்தார். தாயும் மகளும் வசனத்தை மனப்பாடம் செய்து சண்டை போட்டார்கள். ரினி தன் முறை வரும்வரை காத்திருந்து மரியாதையாகக் கோபப்பட்டாள். எகிறிய தொகை பொத்தென்று விழுந்தது.

சேதுமாதவன், அறுபது போதாது, எழுபதாக்கு என்றார். எழுபதாக்கினார்கள். இன்னும் விழுந்தது. மாதம் முடிய ஒரு வாரம் கூட இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்த லீமா செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். ரினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மா, அந்த பேப்பர் வேண்டாம். ஜஸ்ட் திட்டு. ஐ வில் ஹேண்டில்."

தன் மகள் வாயிலிருந்து முழுசாக மூன்று தமிழ்ச் சொல் வந்ததே என்று லீமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிப்பிடித்துக்கொண்டாள். மறுநாள் முதலாளி முன்னால் போய் நின்று, வாழ்க்கையில் முதல் முறையாக அவரிடம் குரலை உயர்த்தினாள்.

"உங்க அறுபதும் வேண்டாம், நாப்பதும் வேண்டாம் சார். எம்பிள்ளையை எப்படித் திட்டணும்னு எனக்குத் தெரியும். தோத்தா நான் ஊருக்குப் போறேன்."

சேதுமாதவன் போய் ஏசியை அவராகவே அணைத்துவிட்டு வந்தார்.

மிச்சமிருந்த நாளெல்லாம் தாயும் மகளும் வீட்டில் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். எல்லாவற்றையும் ஏழு மணிக்கென்று சேர்த்து வைத்தார்கள். ஒருநாள் கணக்குப் பரீட்சையில் ரினி நல்ல மார்க் வாங்கிவிட்டாள். திட்ட ஒன்றும் இல்லையே என்று கன்ட்ரோல் ரூமில் எல்லாரும் கலங்கிப்போய் நின்றார்கள். லீமாவா விடுவாள்? இதே மார்க்கைப் போன பரீட்சையில் வாங்க என்ன கேடு என்று ஆரம்பித்து, அரைமணி நேரம் விளாசித் தள்ளினாள். தொகை ஏறியது. மறுநாளும் ஏறியது.

மாதக் கடைசியில் கேபிள் கம்பெனியிலிருந்து ஹானி என்ற இளைஞன் நேரிலேயே வந்தான். கெய்ரோக்காரன், கணக்குப் பிரிவில் அதிகாரி. நங்கூரம் டிவிக்கு மூன்று வருஷ ஒப்பந்தம், முன்வரிசையில் நல்ல சேனல் நம்பர், ஏழு மணி நிகழ்ச்சி எட்டு மணிக்கு இன்னொரு தடவை. சேதுமாதவன் பேனாவை இரண்டு முறை துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முனியசாமி விசிலடித்தான். லீமா ரினியின் கன்னத்தைப் பிடித்து ஆட்டினாள். ஜெயித்துவிட்டோம் பிள்ளே, ஜெயித்துவிட்டோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிறகு பிரியாணியின் முன்னால், ஜெயித்தது எது என்ற வழக்கு தொடங்கியது. தமிழ் கூடுதலாக இருந்ததால்தான் பெரியவர்கள் வந்தார்கள் என்றார் சேதுமாதவன். இல்லை, ரினியின் இங்கிலீஷுக்குத்தான் பிள்ளைகள் வந்தன என்றான் முனியசாமி. இரண்டும் சரிசமமாகக் கலந்ததுதான் காரணம், வளைகுடாத் தமிழ்க் குடும்பத்தின் நாடியை நான் பிடித்துவிட்டேன் என்றாள் லீமா. ஹானியிடமே தீர்ப்புக் கேட்டார்கள்.

அவன் கோழிக்காலைத் தட்டில் வைத்துவிட்டு இங்கிலீஷில் சொன்னான்: "உங்களைப் பார்க்குற வீட்டுல முக்கால்வாசி எங்க எகிப்துக்காரங்க வீடு மேடம், எங்கம்மாவுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது, ஆனா நீங்க ரினியைத் திட்ட ஆரம்பிச்சதும் அவங்க என்னைப் பார்த்துத் திட்ட ஆரம்பிச்சிடுறாங்க."