கட்டிலறையில் ஒரு கள ஆய்வு

உழைக்கும் வர்க்கத்துக்காக ஆயுள் முழுக்கத் துண்டறிக்கை எழுதிய சோலைராஜ், மில்லும் மூடி, சங்கக் கட்டடமும் செல்போன் கடையான பிறகு, சரசக் கதை எழுத வேண்டிய வரலாற்றுக் கட்டத்துக்கு வந்து சேர்ந்தார். இராஜபாளையத்தில் கதைச் செயலி நடத்தும் ஹுமாயூன்தான் வாய்ப்புக் கொடுத்தான். வாரம் ஒரு கதை. வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

பெண் சொல்வதுபோல எழுதினார். புனைபெயர் 'தேவதானம் தேன்மொழி'. தேன்மொழிக்கு ரசிகர்கள் பெருகிய வேளையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே இணையக் கதை ஒழுங்காற்றுப் பிரிவு என்று ஓர் அலுவலகம் திறந்திருந்தார்கள். முன்பே தெரிந்திருந்தால் திறப்பு விழாவிலேயே கறுப்புக்கொடி காட்டியிருப்பார்.

அதிகாரி சாம்சன் மேசையில் கதை கிடந்தது. பலர் கைபட்டுப் பக்கங்கள் நன்றாகக் கசங்கியிருந்தன.

"'அவன் கை என் இடுப்பில் பட்டதும் உருகினேன்'னு எழுதியிருக்கீங்க. நீங்க பொம்பளையா?"

"இல்லை."

"அப்ப இது ஆள்மாறாட்டம்."

"ஐயா, இது கதை."

"கதையில நடந்த ஆள்மாறாட்டம். திருத்திக் கொண்டாங்க. இல்லைன்னா தொடர் ரத்து."

ஆண் சொல்வதுபோல மாற்றிக்கொண்டு போனார். சாம்சன் நிதானமாகப் படித்தார். பிடித்த இடத்தை இன்னொரு முறையும் படித்தார்.

"இது ஒப்புதல் வாக்குமூலம். யாரு அந்தம்மா? அவங்க சம்மதக் கடிதம் எங்க?"

"அப்படி ஒருத்தி கிடையாது."

"ஆளே இல்லாமயா இம்புட்டு நடந்திருக்கு?"

ஆணும் வேண்டாம், பெண்ணும் வேண்டாம் என்று, விலகி நின்று பார்ப்பவன் சொல்வதாக எழுதினார்.

"எங்க நின்னு பார்த்தீங்க?"

"எங்கயும் நிக்கல. கதை சொல்றவனுக்கு எல்லாம் தெரியும்."

"கதவு பூட்டியிருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இது அத்துமீறல்."

"பொறவு யாருதான் சொல்லணும்?"

சாம்சன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "பூட்டுன வீட்டுக்குள்ள நுழைய அதிகாரம் உள்ளவங்க. அரசு அலுவலர்."

எந்த அதிகார வர்க்கத்தை எதிர்த்து வாழ்நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்தினாரோ, அதன் வாயாலேயே காதலைச் சொல்வதா? விரலை வெட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. மனைவி ஆவுடையம்மாள் அரிசிப் பானையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"அவியளோட சண்டை போட்டுப் போட்டு அவிய பாஷை உங்களுக்கு அத்துப்படி. ரோசத்தைச் செத்த நேரம் கழத்தி வச்சிட்டு எழுதுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்:

'மேற்படி தம்பதியரின் கட்டிலறை இன்று கள ஆய்வு செய்யப்பட்டது. ஆண் மனுதாரர் பெண் மனுதாரரை நெருங்கியது நேரில் கண்டறியப்பட்டது. பெண் மனுதாரர் தரப்பில் ஆட்சேபணை ஏதும் பெறப்படவில்லை. விளக்கு அணைக்கப்பட்டமையால் எஞ்சிய ஆய்வு ஒத்திவைக்கப்பட்டது.'

சாம்சன் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "மனசைத் தொட்டுட்டீங்க" என்று முத்திரை குத்தினார்.

கான்சாபுரம் வரைக்கும் கதை தீயாய்ப் பரவியது. அதோடு நின்றிருக்கலாம். அதிகாரி பார்க்காத காதல் செல்லாத காதல் என்ற எண்ணம் ஜனங்கள் மனதில் விழுந்துவிட்டது. தங்கள் வீட்டுக்கும் கள ஆய்வு வேண்டுமென்று மனுக்கள் குவிந்தன. ஆள் பற்றாக்குறை என்று சாம்சன் கைவிரித்தார். ஜனங்கள் கொதித்துப்போய் சோலைராஜைத் தேடி வந்தார்கள். போராட்டம் என்றால் வேறு யாரிடம் போவது?

திங்கட்கிழமை அலுவலக வாசலில் தெரு கொள்ளாத கூட்டம். போனஸ் போராட்டத்துக்கு வீடு வீடாகக் கெஞ்சியும் வராதவர்கள், இப்போது கூப்பிடாமலே குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவரை வேலையைவிட்டு நீக்கிய பழைய மில் முதலாளிகூட மனைவியோடு நின்றார்.

"எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்காக, அண்ணாச்சி? நாங்க வரி கட்டலையா?" என்று கேட்டாள் தறி ஓட்டும் பாண்டிசெல்வி.

வெட்கமாக இல்லையா, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லத்தான் மைக்கை வாங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். கடைசி ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை. கை தானாக உயர்ந்து முஷ்டியானது.

"அதிகாரியே வெளியே வா. எங்கள் வீட்டுக்குள்ளே வா."

பதில் கோஷத்தில் ஆவுடையம்மாளின் குரல்தான் உரக்கக் கேட்டது.