முகத்தைத் திருத்திக்கொண்டு வரவும்

சியோலில் எங்கள் வட்டாரத்தில் அடையாள அட்டைக்கு யாரும் தன் முகத்தைக் கொடுப்பதில்லை. பாங் ஸ்டூடியோவில் எடுத்த படத்தைத்தான் கொடுப்போம். இதில் ஏமாற்று ஒன்றும் கிடையாது. அழுக்குச் சட்டையோடு கல்யாணத்துக்குப் போகாத மாதிரிதான் இதுவும். பாங் அண்ணன் படம் எடுத்த கையோடு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பரு, மச்சம், மங்கு என்கிற கருந்திட்டு எல்லாவற்றையும் துடைத்து, தாடையை இரண்டு பக்கமும் செதுக்கி, தோலை வடித்த கஞ்சி மாதிரி வெளுப்பாக்கிக் கையில் கொடுப்பார். வாங்கிப் பார்த்து, "பரவாயில்லையே, நான்தானா இது" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வருவோம்.

வட்டத் தலைவி மெங் பதவிக்கு வந்தபோது அவருடைய படத்தைப் பெரிதாக்கி வட்ட அலுவலக வாசலில் மாட்டினார்கள். அதுவும் பாங் அண்ணன் கைவண்ணம்தான். அந்தத் தாடையைப் பார்த்து வட்டாரமே கிறங்கிப்போனது. அதற்குப் பிறகு ஸ்டூடியோவுக்குப் போனவர்கள் எல்லாரும், "தலைவி தாடை வச்சிடுங்கண்ணே" என்றுதான் கேட்டார்கள். ஆம்பளைகளும் அதையேதான் கேட்டார்கள். மீன் கடைக்காரருக்குக்கூடத் தலைவி தாடைதான்.

இப்படி அட்டையும் முகமும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் நல்லபடியாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தபோது, மேலிடத்திலிருந்து அலுவலகத்துக்கு ஒரு கருவி வந்து சேர்ந்தது. ஆள்மாறாட்டம் செய்பவர்களைப் பிடிக்கும் கருவி. எதிரில் நின்றால் போதும், முகத்தையும் அட்டைப் படத்தையும் ஒப்பிட்டு, அதுவே வாய் திறந்து சொல்லிவிடும். வந்த அன்றைக்கே வட்டாரம் முழுவதும் ஆள்மாறாட்டக்காரர்கள் என்று அது கண்டுபிடித்தது. கருவி மிகச் சிறப்பாக வேலை செய்கிறது என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது.

அந்த வாரம்தான் நாரேவுக்கு வசிப்பிடச் சான்று தேவைப்பட்டது. நாரே எங்கள் தெருப் பெண். கிம்ச்சி ஊறுகாயும் தொடுகறிகளும் செய்து விற்கிற கடையில் வேலை பார்த்தவள். பிள்ளை பிறந்ததும் நின்றுவிட்டாள். இப்போது மகன் ஹான்சோலுக்குக் காப்பகத்தில் இடம் கிடைத்திருந்தது. அதற்காக அவன் வயிற்றில் இருந்தபோதே பதிந்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் சான்று கொடுக்காவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். இடம் போனால் அவள் திரும்பச் சேரவிருந்த வேலையும் போய்விடும். கடைக்கார அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

நாரே பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு கருவி முன்னால் போய் நின்றாள். "பொருந்தவில்லை" என்றது கருவி.

எழுத்தர் குவாக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "அட்டையில மங்கு இல்லையேம்மா."

"புள்ள பொறந்தப்புறம் வந்துச்சுங்க."

"உதட்டுக்கு மேல ஒரு மச்சமும் இருக்கு."

"அது பொறந்ததுல இருந்தே இருக்குங்க. பாங் அண்ணன் எடுத்துட்டாரு."

"அப்ப இந்த மங்கும் மச்சமும் யாருது?"

"என்னோடதுதாங்க."

"நீங்க யாருன்னே இன்னும் முடிவாகலையேம்மா. அதுக்குள்ள என்னோடதுன்னா எப்படி?"

நாரே கை விரலை நீட்டினாள். விரல் ரேகை அச்சாகப் பொருந்தியது. குவாக் அதை மறுக்கவில்லை. விரல் நாரேயுடைய விரல்தான் என்று மனமுவந்து ஒப்புக்கொண்டார். ஆனால் ரேகை விரலுக்கு மட்டும்தான் சாட்சி சொல்லும், முகத்துக்குச் சொல்லாது என்று விளக்கினார்.

"சரிங்க, புதுசா ஒரு படம் எடுத்து அட்டையை மாத்திக்கிறேன்."

"மாத்தலாம். அட்டைக்காரங்க நேர்ல வந்து, முகம் பொருந்துனதும் மாத்தித் தருவோம்."

"பொருந்தலேன்னுதானே மாத்தக் கேக்கறேன்."

"அதுக்குத்தான் சுற்றறிக்கை இருக்கு" என்று குவாக் எடுத்து வாசித்தார். அட்டைக்கும் முகத்துக்கும் வேறுபாடு காணப்படின், அட்டையானது அரசால் வழங்கப்பட்ட ஆவணமாகையால் அதுவே செல்லும். முகமானது தனியார் உடைமையாகையால், உடையவர் தம் சொந்தச் செலவில் அதைத் திருத்திக்கொண்டு வரவும்.

"மூஞ்சியை எங்கேங்க திருத்துவாங்க?"

குவாக் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். எதிர்க் கட்டடத்துத் தோல் மருத்துவமனையில் புதுப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது: 'அடையாள அட்டை ஒளிச் சிகிச்சை. உங்கள் படத்தைப் போலவே ஆகுங்கள்.'

மருத்துவமனை முகப்பில் ஆலோசகி என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்துவிடும், அப்படி ஒரு முகம். நாரேயின் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஓ, தலைவி தாடையா. இப்ப எல்லாரும் இதுதான் கேக்கறாங்கக்கா" என்று உள்ளே அனுப்பினாள்.

டாக்டர் யோம் நேர்மையானவர். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னார். "இது மங்குதாம்மா. கடுமையா வெளிச்சம் பட்டா இன்னும் கறுக்கும். வெயில்ல அலையாம, வெளிய போறப்ப சன்ஸ்கிரீன் தடவி, களிம்பு போட்டுக்கிட்டுப் பொறுமையா இருந்தா மெதுவா வெளுக்கும்."

"எவ்வளவு நாளாகும்?"

"மாசக்கணக்கா ஆகும்."

"எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகணுங்க."

"வெள்ளிக்கிழமைக்குள்ளன்னா வெளிச்சம்தான்" என்றார் டாக்டர். வந்தவர்கள் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வதிலும் அவர் நேர்மையானவர்.

கண்ணில் கறுப்பு மூடி போட்டு, முகத்தில் ஜில்லென்று ஏதோ கூழைத் தடவி, வெளிச்சத்தைப் பாய்ச்சினார்கள். ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்ட மாதிரி இருந்தது. மயிர் பொசுங்குகிற வாடை வந்தது. மச்சத்தையும் சுட்டு எடுத்தார்கள். மறுநாள் அவள் அலுவலகத்துக்கு வந்தபோது முகம் வேகவைத்த நண்டு மாதிரி சிவந்து உப்பியிருந்தது. உதட்டுக்கு மேலும் இரண்டு கன்னத்திலும் வட்ட வட்டமாகப் பிளாஸ்திரி ஒட்டுப்பட்டி.

"முகம் காணப்படவில்லை" என்றது கருவி.

குவாக் வருத்தப்பட்டார். "நேத்தாவது வேற யாரோட முகமோ ஒண்ணு இருந்துச்சு. இன்னைக்கு அதுவும் இல்லைங்குதேம்மா."

வரிசையில் பின்னால் நின்ற நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. எங்களில் பாதிப் பேர் முகத்திலும் ஒட்டுப்பட்டி இருந்தது. சிரித்தால் வலிக்கும்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஒட்டுப்பட்டியைப் பிரித்துப் பார்த்தால், டாக்டர் சொன்னது சொன்னபடி நடந்திருந்தது. மங்கு முன்னைவிடக் கறுத்து, நன்றாகப் பரந்து உட்கார்ந்திருந்தது. நாரே அதே முகத்தோடு வந்து நின்றாள். "பொருந்தவில்லை" என்றது கருவி. சாப்பாட்டு நேரம் வந்ததும் குவாக் எழுந்து போய்விட்டார். அவள் நகரவில்லை. சுவரோரம் நின்று பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டுவிட்டு வந்த குவாக், ஊழியர் கதவில் மாட்டியிருந்த அதே மாதிரிக் கருவி முன்னால் நின்றார். சட்டைப் பையிலிருந்து தன் அட்டையை எடுத்து அதன் கண்ணுக்கு நேரே காட்டினார். "பொருந்துகிறது" என்று கருவி சொல்ல, கதவு திறந்துகொண்டது.

நாரே அதிகம் பேசுகிற பெண் இல்லை. ஆனாலும் அன்றைக்குக் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, நீங்க மூஞ்சியைக் காட்டலையா?"

குவாக் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டார். அட்டையில் இருந்த குவாக்குக்குத் தலை நிறைய முடியும், தலைவியின் தாடையும் இருந்தன. "நான் காட்டுனா கதவு திறக்காதும்மா. கதவு திறக்கலேன்னா உங்களுக்கெல்லாம் யாரு சேவை செய்யறது?"

"அப்ப நானும் படத்தைக் காட்டலாங்களா? கூடாதுன்னு அதுல போட்டிருக்குதா?"

குவாக் சுற்றறிக்கையை முன்னும் பின்னும் புரட்டினார். முகத்தைத் திருத்த வேண்டும் என்று இருந்தது. முகத்தைக் கொண்டுவர வேண்டும் என்று எங்கேயும் இல்லை. "கூடாதுன்னு இல்ல" என்றார் மெதுவாக.

நாரே தன் அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். கருவி சற்று யோசித்தது. பிறகு, அதுவரை நாங்கள் கேட்டிராத குழைவான குரலில் சொன்னது: "பொருந்துகிறது. வருக, வட்டத் தலைவி மெங் அவர்களே."

எல்லாரும் வாசல் படத்தைத் திரும்பிப் பார்த்தோம். அதே தாடை. அதே கஞ்சி வெளுப்பு. கருவியைக் குற்றம் சொல்ல வழியில்லை.

குவாக் குழம்பவில்லை. முப்பது வருஷத்து ஊழியர். கருவி சொன்னால் மேலிடம் சொன்ன மாதிரி. எழுந்து நின்றார். இடுப்பை மடித்து, நெற்றி மேஜையில் படுகிற அளவுக்கு வணங்கினார். "அம்மா சொல்லுங்க, என்ன உத்தரவு?"

நாரேவுக்குக் கழுத்துவரை சிவந்துபோனது. தரையைப் பார்த்துக்கொண்டே, "நாரேன்னு ஒரு பொண்ணு வந்திருக்கா" என்றாள். "அவளுக்கு வசிப்பிடச் சான்று குடுத்துடுங்க."

"இதோ குடுத்துடறேங்க. நாரே எங்க இருக்காங்க?"

"நான் வாங்கிக் குடுத்துடறேன்."

சான்று கைக்கு வந்தது. பிள்ளை முதுகில் குலுங்கக் குலுங்க ஓடினாள். காப்பகத்தில் கதவைச் சாத்துவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஹான்சோலுக்கு இடம் கிடைத்தது.

அன்று சாயங்காலமே மீன் கடைக்காரர் அவளைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, தலைவியா ஆனவ அந்தக் கருவியைத் தூக்கி எறியச் சொல்லியிருக்கக் கூடாதா? உனக்கு உன் காரியம் ஆச்சு, அவ்வளவுதானே?"

"எனக்குத் தோணலைங்க" என்றாள் நாரே. "உங்க அட்டையிலயும் அதே தாடைதானே? திங்கக்கிழமை நீங்க போய்ச் சொல்லுங்க."

அவர் திங்கட்கிழமை விடிந்ததும் முதல் ஆளாகப் போனார். அட்டையைத் தூக்கிக் காட்டித் தலைவி ஆனார். குவாக் வணங்கினார். மீன் கடைக்காரர் தன் கடை உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டு வந்துவிட்டார். "அவசரத்துல மறந்துட்டேன்" என்றார். அவருக்குப் பின்னால் நாங்கள் ஒவ்வொருவராகப் போனோம். ஒவ்வொருவரும் தலைவி ஆனோம். அவரவர் காரியத்தை முடித்துக்கொண்டோம். கருவியை எடுக்கச் சொல்ல எல்லாருமே மறந்துபோனோம். இப்போதெல்லாம் அலுவலக வரிசையில் சண்டை நடப்பது தலைவிகளுக்குள்தான். "நான் தலைவி, வழி விடு" என்றால், "நான் மட்டும் யாராம்?" என்று பதில் வரும். வணங்கி வணங்கி இடுப்பு பிடித்துக்கொண்டதில் குவாக் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டிருக்கிறார். மருத்துவமனையிலும் கூட்டம் குறையவில்லை. படம் இவ்வளவு மதிப்பாக இருக்கும்போது முகம் மட்டும் ஏன் இப்படி இருக்க வேண்டும் என்ற ஏக்கம் எங்களை விடவில்லை.

போன வாரம் நாங்கள் வரிசையில் நின்றபோது ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி வேகமாக உள்ளே வந்தார். அகலமான தாடை, கன்னம் நிறைய மங்கு, முகவாயில் ஒரு பழைய பருத் தழும்பு. படம் எதுவும் இல்லாமல், வெறும் முகத்தோடு நேராகக் கருவி முன்னால் போய் நின்றார்.

"பொருந்தவில்லை" என்றது கருவி.

"நான் மெங்" என்றார் அந்த அம்மாள். "இந்த அலுவலகமே என் அலுவலகம்யா."

வரிசை முழுக்க ஒரு சிரிப்பு ஓடியது. "நாங்க எல்லாருமே மெங்தாம்மா" என்றார் மீன் கடைக்காரர். "பின்னால போய் நில்லுங்க."

குவாக் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரைப் பரிவோடு பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.