மாரல் சயின்ஸ் அக்காவும் ஒரு சுழல் நாற்காலியும்

காஞ்சிபுரத்தில் இத்தனை கோயில்கள் இருந்தும் நான் பயந்து நடந்தது ஒருவருக்குத்தான். சாமிகளாவது மத்தியானத்தில் நடை சாத்திக்கொள்வார்கள். மாரல் சயின்ஸ் அக்காவிடம் அந்த வழக்கமே கிடையாது. அவரோடு ஒரு வருடம் வேலை பார்த்தவன் பத்து வருடத்து அலுப்போடு வீடு போய்ச் சேருவான். நான் மூன்று வருடம் பார்த்தேன்.

அது ஒரு பட்டுச் சேலைக் கடை. நான் தரைத்தளத்தில் பில் போடுகிறவன். அக்கா இரண்டாம் மாடியில் முகூர்த்தப் பட்டு காட்டுகிறவர். நெசவாளர் வீட்டுப் பெண். விபூதிக் கீற்று இல்லாத நெற்றியோடு யாரும் அவரைப் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருடம் படித்ததோ கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில். பைபிள் வகுப்புக்குப் போகாத பிள்ளைகளுக்கு அங்கே மாரல் சயின்ஸ் நடத்துவார்களாம். பரீட்சை முடிந்ததும் எல்லோரும் மறந்துவிடும் பாடம் அது. இவர் மறக்க மறந்துவிட்டார்.

முப்பத்தைந்து வயதிலும் மேனேஜரிடம் பேசுவதற்கு முன் கையைத் தூக்குவார். அவர் "சொல்லும்மா" என்கிற வரை கை இறங்காது. லீவு லெட்டருக்கு ஸ்கேல் வைத்து மார்ஜின் போடுவார். கடைசியில், பழைய பழக்கத்தில், "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி" என்று முடிப்பார். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "கீழ்ப்படிதலாம்! இந்தம்மாவுக்காம்!" என்று ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பார்.

அவர் குடித்ததிலும் நியாயம் உண்டு. ஒருநாள் சென்னையிலிருந்து வந்த கல்யாணக் கோஷ்டி ஒரு சேலையில் அப்படியே சொக்கிவிட்டது. மணப்பெண்ணின் அம்மா சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"கைத்தறிதானேம்மா?"

"இல்லமா, விசைத்தறி. அழகா இருக்குது, எடுத்துக்கோங்க. ஆனா கைத்தறின்னு நெனச்சிக்கினு எடுக்காதீங்க."

கோஷ்டி எழுந்து அடுத்த கடைக்குப் போய்விட்டது.

"உன்ன யாரும்மா கேட்டது?" என்றார் மேனேஜர்.

"அந்தம்மாதான் கேட்டாங்க சார்."

எங்கள் கடையில் சேலை காட்டும் பெண்கள் கடை திறந்ததிலிருந்து சாத்துகிற வரை நிற்க வேண்டும். ஆளே வராத நேரத்திலும் நிற்க வேண்டும். கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது ஸ்டூல்களும் வந்தன. வந்தவற்றைக் குடோனில் வைத்துப் பூட்டினார்கள். ஆய்வுக்கு யாராவது வருவதாகத் தகவல் வந்தால் ஸ்டூல்கள் மேலே வரும். வந்தவர் போனதும் கீழே போகும். எங்கள் லிஃப்டில் அதிகம் பயணம் செய்தவை அந்த ஸ்டூல்கள்தான்.

சட்டமெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. காரணம், கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழு. அதில் ஒருத்தி வக்கீல். ஒருத்தி நர்ஸ், பெரிய டாக்டரையே வரிசையில் நிற்கச் சொன்னவர். இன்னொருத்தி ஓரிக்கைப் பக்கம் குடிதண்ணீருக்காகக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தவர். அந்த வகுப்பில் சும்மா இருப்பவர் என்று ஒருத்தர்கூடத் தேறவில்லை.

"அப்படி இன்னாதான்க்கா சொல்லிக் குடுத்தாங்க உங்க சிஸ்டருங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணுமில்லபா. கிளாஸ்ல ஒருத்திய அநியாயமா முட்டி போட வெச்சாங்கன்னு வெச்சுக்க. பக்கத்துல இருக்கிறவ தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருந்தான்னா, ஹெட் சிஸ்டர் அவளையும் கூப்பிட்டு முட்டி போட வெப்பாங்க. நான் மூணு தபா போட்டேன். நாலாவது தபா வாயத் தொறந்தேன். இன்னும் மூடல."

அதுதான் தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் மாடியில் புஷ்பா என்றொரு பெண். ஏழு மாதம். கால் வீங்கி, செருப்பில் நுழையவில்லை. வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். ஒரு முகூர்த்த சீசனில், மத்தியானம் தலை சுற்றியபோது சேலைக் கட்டின் மேல் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டாள். கேமரா பார்த்துவிட்டது. மேனேஜர் மேலே வந்தார்.

"நாளைலேர்ந்து வர வேணாம்மா. கொழந்த பொறக்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

அக்கா கையைத் தூக்கினார். மேனேஜர் உஷாராக, "சொல்லும்மா" என்று சொல்லவே இல்லை. அக்காவும் இறக்கவில்லை. இடது கை மேலே நிற்க, வலது கையால் சேலை விரித்துக் காட்டினார். "கைக்கு இன்னாமா ஆச்சி?" என்று விசாரித்த வாடிக்கையாளர்களிடமெல்லாம், "சார் கூப்பிடணும்மா, அதுக்குத்தான்" என்றார். நான்காவது ஆள் கேட்டதும் மேனேஜர் தாங்க மாட்டாமல், "சொல்லித் தொலம்மா" என்றார்.

"புஷ்பா உக்காரணும் சார். வேலையும் இருக்கணும். சட்டம் இருக்குது."

"வேற யார்னா கேட்டாங்களா? நீ ஒருத்திதான கேக்கற?"

அவ்வளவுதான், மார்ஜின் போட்ட மனு தயாராகிவிட்டது. நேராக என்னிடம் வந்தார்.

"நீ பி.காம். படிச்சவன்பா. நீ கையெழுத்து போட்டா மத்தவங்க தானா போடுவாங்க."

முசரவாக்கத்தில் எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்களே கிடையாது. மகன் ஏ.சி.யில் உட்கார்ந்து வேலை செய்கிறான் என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"பில்லு நெறைய இருக்குதுக்கா" என்றேன்.

அக்கா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. "ஆன்ம சோதனை பண்ணிக்கபா. நாலு மணிக்கு வரேன்" என்று வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வேட்டி வாங்கியவருக்கு மூன்று முகூர்த்தப் பட்டு என்று பில் போட்டேன். அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

நான்கு மணிக்கு வந்தார்.

"எங்க வீட்ல நான்தான்க்கா மொதல்ல படிச்சவன். வேல போச்சுன்னா..."

"தெரியும்பா. எங்க வீட்லயும் நான்தான்."

பிறகு என் நாற்காலியைப் பார்த்தார். சுழல் நாற்காலி, முதுகுக்கு மெத்தை வைத்தது. கடையில் மேனேஜரை விட்டால் நாற்காலி உள்ளவன் நான் ஒருத்தன்தான்.

"முதுகுக்கு நல்லா இருக்குதாபா?" என்று கேட்டார். குத்தலாக இல்லை, நிஜமான அக்கறையோடுதான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நாற்காலியை உருட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். புஷ்பாவை உட்கார வைத்துவிட்டுக் கீழே வந்து, நின்றுகொண்டே பில் போட்டேன். குனிந்து குனிந்து தட்டியதில் ஒரு பில்லுக்கு இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. வரிசை வாசலைத் தாண்டியது. மேனேஜர் ஓடி வந்தார்.

"சேர் எங்கடா?"

"மேல சார். புஷ்பா உக்காந்துக்கினு இருக்குறாங்க."

"போய் எடுத்துக்கினு வா!"

"நீங்களே எழுப்பி எடுத்துக்கினு வாங்க சார்."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். மேனேஜர் மேலே போனார். அங்கே சேலை எடுக்க வந்திருந்த ஓர் அம்மா இடுப்பில் கை வைத்துக் கேட்டாராம்: "புள்ளத்தாச்சிய எழுப்பி வுடறதுக்கா மாடி ஏறி வந்தீங்க?"

குடோன் திறந்தது. ஸ்டூல்கள் லிஃப்டில் ஏறின. அதன் பிறகு இறங்கவில்லை. புஷ்பா பிரசவ மாதம் வரை வேலை பார்த்தாள், குழந்தை பிறந்து திரும்பியும் வந்தாள். நாற்காலி மாடி ஏறிய அன்று சாயங்காலமே மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். என்னுடையது கடைசி.

ஆறு மாதம் கழித்து அக்கா பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்விட்டார். அங்கே பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்று கேள்வி. எங்கள் கடை இப்போது அமைதியாக இருக்கிறது. நாலு மணிக்கு யாரும் வந்து என்னை எதுவும் கேட்பதில்லை. அந்தக் கடையில் பில் போடுகிறவனை நினைத்தால் பாவமாக இருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.